சங்கீதப் புத்தகத்தில் எதைப் பாடுவது, எதை விடுவது?

தம்பி கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்வி. பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சபையில் ஞாயிற்றுக்கிழமை துதி நேரத்தை நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. ஆராதனைக்கு வழிகாட்டி வேதத்தில் இருக்கும் சங்கீதப் புத்தகம்தான், அதை வாசி என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாசிக்க உட்கார்ந்தால் பக்கத்துக்குப் பக்கம் அழுகை, நடுநடுவே சாபம். துதிக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்பது முதல் கேள்வி. 100ஆம் சங்கீதத்தின்படி வாசல், பிராகாரம், சந்நிதி என்று பாட்டுகளை அடுக்க வேண்டும் என்று கன்வென்ஷனில் கேட்டீர்களாம், அது சரியா என்பது இரண்டாவது. சபையில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம், எப்படிச் சேர்ந்து வாசிப்பது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. துக்கத்தோடு வந்தவனும் கோபத்தோடு வந்தவனும் ஆராதனையில் வாயைத் திறக்கலாமா, இல்லை, அதையெல்லாம் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டுமா?

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தெரியும். இறையியல் கல்லூரியில் படித்தேன். பிறகு தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பல சபைகளில் ஊழியம் செய்து ஓய்வு பெற்றேன். ஞாயிறு ஆராதனையிலும் துக்க வீட்டிலும் சங்கீதங்களை எடுத்துப் பேசியதுதான் என் அனுபவம். எபிரேயம் கல்லூரியில் படித்த அளவுக்கு வரும், அகராதி பக்கத்தில் இல்லாவிட்டால் நடக்காது. இசை கேட்கத்தான் தெரியும். கீபோர்டில் எந்த ஸ்கேல் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

சந்தேகமில்லாமல் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். 150 சங்கீதங்களும் ஐந்து புத்தகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: 1 முதல் 41, 42 முதல் 72, 73 முதல் 89, 90 முதல் 106, 107 முதல் 150. முதல் நான்கும் ஒவ்வொன்றும் ஒரு ஸ்தோத்திர வசனத்தோடு முடியும். ஐந்தாவதுக்கு 150ஆம் சங்கீதம் முழுவதுமே முடிவு. எபிரேய மூலத்தில் 73 சங்கீதங்களின் தலைப்பில் தாவீதின் பெயர் இருக்கிறது. ஆசாப், கோராகின் புத்திரர், சாலொமோன், மோசே என்று மற்றப் பெயர்களும் உண்டு, பெயரே இல்லாதவையும் உண்டு. 137 பாபிலோன் சிறையிருப்பைப் பற்றிப் பேசுகிறது, தாவீது காலத்துக்கும் அதற்கும் இடையில் நானூறு வருடம் இருக்கும். ஆகவே இது ஒருவர் ஒரே மூச்சில் எழுதிய புத்தகம் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பாடிச் சேர்த்த பாட்டுப் புத்தகம். தலைப்புகள் பாட்டோடு சேர்ந்தே பிறந்தவையா, பின்னால் சேர்க்கப்பட்டவையா என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. சங்கீதங்களில் 71 இடத்தில் வரும் சேலா எதைக் குறிக்கிறது என்பதும் முடிவாகவில்லை. பாடுகிறவர்களுக்கான குறிப்பு என்பது பொதுவான கருத்து. நம் சபைகளில் சிலர் அதையும் ஆமென் மாதிரி அழுத்திச் சொல்வார்கள். குற்றமில்லை, ஆனால் அவசியமும் இல்லை.

இப்போது அழுகைக்கு வருகிறேன். நீங்கள் கண்டது சரிதான். எப்படிக் கணக்குப் போட்டாலும் புலம்பல் சங்கீதங்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. துதிச் சங்கீதங்களைவிட அவைதான் எண்ணிக்கையில் அதிகம். அதிலும் முதல் பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், கடைசிப் பக்கங்களில் துதி குவியும், 146 முதல் 150 வரை சுத்தமான அல்லேலூயா. தொகுத்தவர்கள் வேண்டுமென்றே இப்படி அழுகையிலிருந்து துதிக்குப் போகும்படி அடுக்கினார்கள் என்று அறிஞர்கள் பலர் வாதாடுகிறார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம். போகும் திசை கண்ணுக்குத் தெரிகிறது, ஒவ்வொரு சங்கீதத்துக்கும் இடம் குறித்து வைத்தார்கள் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

சரி, அழுகை எல்லாம் வீட்டு ஜெபத்துக்கு, துதி எல்லாம் ஆலயத்துக்கு என்று பிரித்துக்கொள்ளலாமே என்பார்கள். அந்தப் பிரிவு புத்தகத்தில் இல்லை. 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். முழுப் புத்தகத்திலும் இருட்டானது அதுதான். "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று தொடங்கி, சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று முடிந்துவிடும். கடைசியில் ஒரு ஆறுதல் வரி இருக்கும் என்று தேடினால் கிடைக்காது. அதன் தலைப்பில் யார் பெயர்? கோராகின் புத்திரர். அவர்கள் ஆலயத்துப் பாடகர் வம்சம், உங்கள் வேலையைச் செய்தவர்கள். இன்னொரு சாட்சி: எருசலேம் ஆலயத்தில் லேவியர் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சங்கீதம் பாடினார்கள் என்று கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா ஒரு பட்டியல் தருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு 24, பிறகு 48, 82, புதன்கிழமைக்கு 94, பிறகு 81, 93, ஓய்வுநாளுக்கு 92. இதில் 94ஐ வாசியுங்கள். "கர்த்தாவே, துன்மார்க்கர் எதுவரைக்கும் மகிழ்ந்து, எதுவரைக்கும் களிகூர்ந்திருப்பார்கள்?" வாரம் தவறாமல் ஒரு நாள் இந்தக் கேள்வியை ஆலயத்தில் நின்று பாடியிருக்கிறார்கள்.

உங்கள் மூப்பர் ஒருவர், இப்படியெல்லாம் பாடினால் அவிசுவாசம் பேசுவதாகிவிடும் என்று பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன், ஏனென்றால் வேதத்தில் முறுமுறுப்பு பாவம்தான். ஆனால் புலம்பலுக்கும் முறுமுறுப்புக்கும் வித்தியாசத்தைச் சங்கீதமே காட்டித் தருகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் "கூடாரங்களில் முறுமுறுத்து"க் கர்த்தருடைய சத்தத்துக்குச் செவிகொடாமல் போனார்கள் என்று 106 சொல்கிறது. அதாவது, தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். புலம்புகிறவன் அதே குறையை நேராகத் தேவனிடமே கொண்டுபோகிறான். கேட்பவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

கையில் பிடித்துப் பார்க்க 13ஆம் சங்கீதம் நல்லது, ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர் என்பவை இரண்டும் தேவனைக் குறித்தவை. எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன் என்பது தன்னைக் குறித்தது, ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிறவனுக்கு அது தெரியும். நான்காவது எதிரியைக் குறித்தது. 3, 4 வசனங்களில் கேள்வி வேண்டுதலாகிறது: நோக்கிப்பாரும், செவிகொடுத்தருளும், என் கண்களைத் தெளிவாக்கும். 5ஆம் வசனத்தில் திடீரென்று, "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறான். 6இல் பாடுகிறான்.

நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? அங்கே ஒரு ஆசாரியன் எழுந்து, பயப்படாதே என்று தேவனுடைய வார்த்தையைச் சொல்லியிருப்பான், அதைக் கேட்டுத்தான் பாட்டு திரும்புகிறது என்று 20ஆம் நூற்றாண்டில் ஒரு விளக்கம் வந்தது. அழகான விளக்கம். ஆனால் அப்படி ஒரு சடங்கு நடந்ததற்குச் சங்கீதத்துக்குள் நேரடி ஆதாரம் இல்லை, ஆகவே பிரசங்கத்தில் உறுதியாகச் சொல்லாதீர்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சங்கீதம் எங்கும் சொல்லவில்லை என்பது மட்டும் உறுதி. சத்துரு அங்கேயேதான் இருக்கிறான். நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: முதல் இரண்டு வசனத்தை ஓடிக் கடக்காதீர்கள். நம் துதி நேரங்களில் இதைத்தான் செய்கிறோம், ஐந்தாம் வசனத்தில் ஆரம்பித்து ஆறாம் வசனத்தை எட்டு முறை பாடுகிறோம்.

நம் கரையோரத்தில் இதற்கு ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி என்று அந்தக் கடற்கரை ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. எல்லைக்கோடு அங்கே கடலுக்கும் கிடையாது, கோவிலுக்கும் கிடையாது. அடுத்து வந்த டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பல வீடுகளில் ஆண்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே அன்றைக்குத் தெரியாது. அந்த நாட்களில் உள்பகுதிச் சபைகளில் கடல், புயல் என்றவுடன் எல்லாரும் கையில் எடுத்தது 107ஆம் சங்கீதம். கப்பலேறித் திரளான தண்ணீர்களிலே தொழில்செய்கிறவர்கள், வெறித்தவனைப்போல் தடுமாறுகிறவர்கள், கொந்தளிப்பை அமர்த்துகிற கர்த்தர், எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கடல் பகுதி எப்படி முடிகிறது? "தாங்கள் நாடின துறைமுகத்தில் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறார்." அது கரை சேர்ந்தவன் நன்றி சொல்லும் பாட்டு. துறைமுகத்துக்கு வராதவனுடைய மனைவிக்கு முன்னால் அதை வாசித்தால் என்ன ஆகும்? அவளுக்கும் இதே புத்தகத்தில் வார்த்தை இருக்கிறது. "வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது" என்கிற 69. "உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது" என்கிற 42. ஊரே சேர்ந்து கேட்க, "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்கிற 44. புயலில் தப்பி வந்தவன் 107ஐப் பாடட்டும், பாடத்தான் வேண்டும். ஒரே ஞாயிற்றில் ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் நிற்பார்கள் என்பதை ஆராதனை நடத்துகிறவன் நினைத்துப் பார்க்கவேண்டும். தலைப்பைப் பார்த்தோ கடல் என்ற சொல்லைப் பார்த்தோ சங்கீதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

துதிச் சங்கீதங்களின் அமைப்புக்கு இரண்டே வசனமுள்ள 117 போதும். "ஜாதிகளே, எல்லாரும் கர்த்தரைத் துதியுங்கள், ஜனங்களே, எல்லாரும் அவரைப் போற்றுங்கள்." இது அழைப்பு. "அவர் நம்மேல் வைத்த கிருபை பெரியது, கர்த்தரின் உண்மை என்றென்றைக்குமுள்ளது." இது காரணம். அழைப்பு, காரணம், அவ்வளவுதான். 103, 136, 146 எல்லாமே இந்த எலும்புக்கூட்டின் மேல் சதை வைத்தவைதான். 146இல் காரணங்கள் எவ்வளவு துல்லியமாக இருக்கின்றன பாருங்கள்: பசியாயிருக்கிறவர்களுக்கு ஆகாரம், கட்டுண்டவர்களுக்கு விடுதலை, பரதேசிக்குக் காவல், திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் ஆதரவு. இப்போது பாடப்படும் பாட்டுகளில் நிறைய வெறும் அழைப்பாகவே நின்றுவிடுகின்றன. துதிப்போம், துதிப்போம், உயர்த்துவோம், உயர்த்துவோம். எதற்கு? பாட்டு முடியும்வரை சொல்லமாட்டார்கள். விதிவிலக்காக 150 இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம், அதிலும் அழைப்புதான் அதிகம். உண்மை, ஆனால் அது 149 சங்கீதங்களுக்குப் பிறகு வருகிறது. உங்கள் பாட்டு நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில், காரணம் எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். குறி விழாத பாட்டுகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அவற்றை மட்டுமே வரிசையாகப் பாடாதீர்கள்.

நன்றிச் சங்கீதம் என்று தனியாக ஒரு வகை உண்டு. 30, 34, 66, 116 போன்றவை. பொதுவான துதி இல்லை, எனக்கு இன்னது நடந்தது, கூப்பிட்டேன், கேட்டார் என்று சொல்பவை. "தேவனுக்குப் பயந்தவர்களே, நீங்கள் எல்லாரும் வந்து கேளுங்கள்; அவர் என் ஆத்துமாவுக்குச் செய்ததைச் சொல்லுவேன்" என்று 66 சபையைக் கூட்டுகிறது. 116இல் பொருத்தனைகளை "அவருடைய ஜனங்களெல்லாருக்கு முன்பாகவும்" செலுத்துகிறான். இது நமக்கு அந்நியமான காரியமே இல்லை. ஞாயிறு அறிக்கையில், மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை என்று வாசிக்கிறோமே, அது 116இன் பேரப்பிள்ளை. என்ன, சங்கீதக்காரன் பட்ட கஷ்டத்தைச் சொல்லிவிட்டுத் தொகையைச் சொல்லாமல் விடுகிறான். நாம் தொகையைச் சொல்லிவிட்டுக் கஷ்டத்தை விட்டுவிடுகிறோம். காணிக்கை கொடுக்கிற அக்காவோ அண்ணனோ சம்மதித்தால், இரண்டு நிமிடம் சாட்சி சொல்லவிட்டு, உடனே 116இல் நான்கு வசனம் எல்லாரும் சேர்ந்து வாசியுங்கள். ஒருவருக்குக் கிடைத்த நன்மை அப்போது சபையின் நன்றியாகும்.

துதிக் கூட்டங்களில் அதிகம் கேட்கும் வசனம் ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிறவர், ஆகவே நாம் துதிக்கத் துதிக்க அவர் இறங்கி வருவார் என்பார்கள். அது 22ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனம். முதல் வசனம் என்ன? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இயேசு சிலுவையில் சொன்னது. இரண்டாம் வசனத்தில் பகலிலும் இரவிலும் கூப்பிட்டும் பதில் இல்லை. பதில் வராத ராத்திரியில் ஒருவன், நீர் பரிசுத்தர், எங்கள் பிதாக்கள் உம்மை நம்பினார்கள் என்று பிடித்துக்கொள்ளும் கொம்பு அந்த வசனம். சத்தத்தைக் கூட்டினால் தேவன் வருவார் என்ற சூத்திரத்தை அதிலிருந்து எடுக்க முடியாது. துதியைக் கொடுத்துத் தேவனிடம் காரியம் சாதிக்கலாம் என்ற எண்ணத்துக்கு 50ஆம் சங்கீதம் நேராகவே பதில் சொல்கிறது: "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே."

இப்போது 100ஆம் சங்கீதத்து வரிசை. நன்றிப் பாட்டோடு வாசலில், துதிப் பாட்டோடு பிராகாரத்தில், கடைசியில் மெதுவான பாட்டோடு மகா பரிசுத்த ஸ்தலத்தில் என்ற இந்தத் திட்டம் பல இடங்களில் சொல்லித்தரப்படுகிறது. நான்காம் வசனத்தில் வாசலும் பிராகாரமும் இருப்பது உண்மை. ஆனால் "அவர் சந்நிதிமுன் வாருங்கள்" என்பது இரண்டாம் வசனத்திலேயே வந்துவிடுகிறது, வாசல் அதற்குப் பிறகுதான் வருகிறது. படிப்படியாக ஏறுவதைச் சொல்லும் பாட்டு இல்லை அது. ஒரே அழைப்பை இரண்டு மூன்று விதமாகத் திருப்பிச் சொல்வது எபிரேயக் கவிதையின் பழக்கம். மகா பரிசுத்த ஸ்தலமோ அந்தச் சங்கீதத்தில் கிடையவே கிடையாது. பிரதான ஆசாரியன் மட்டும் வருடத்தில் ஒரு நாள் போகிற இடத்துக்குப் பாடகர் குழு போனதில்லை. வேகமான பாட்டில் தொடங்கி மெதுவாக முடிப்பது பாடுவதற்கு வசதியாக இருந்தால் செய்யுங்கள், தப்பில்லை. வேதம் கட்டளையிட்ட வரிசை என்று மட்டும் சபையிடம் சொல்லாதீர்கள்.

வரிசை வேண்டும் என்றால் 95 எனக்கு அதிகம் பிடிக்கும். கெம்பீரமாய்ப் பாடுவோம் என்று தொடங்கி, "நாம் பணிந்து குனிந்து" முழங்காற்படியிடுவோம் என்று அடங்கி, "இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்" இருதயத்தைக் கடினப்படுத்தாதேயுங்கள் என்ற எச்சரிக்கையில் முடிகிறது. பாட்டு, வணக்கம், கேட்பது. இங்கிலாந்து சபையின் காலை ஜெபத்தில் பல நூற்றாண்டுகளாக இது முதலிடத்தில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதன் கடைசி வசனங்கள் கடுமையானவை என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. துதித்து முடித்தவன் கேட்கவும் தயாராக இருக்கவேண்டும் என்பதுதான் அந்தச் சங்கீதம் போய்ச் சேரும் இடம்.

சாபச் சங்கீதங்கள் பற்றி நல்ல விசுவாசிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கத் திருச்சபை தன் நாள்ஜெபப் புத்தகத்தைத் திருத்தியபோது 58, 83, 109 மூன்றையும் முழுவதுமாக விட்டுவிட்டது, வேறு சிலவற்றில் சில வசனங்களை எடுத்தது. மறுபக்கம், புதிய ஏற்பாடு 69ஐயும் 109ஐயும் கூச்சமில்லாமல் மேற்கோள் காட்டுகிறது, அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். என் கருத்து இது: கோபத்தை எங்கே கொண்டுபோவது என்று இந்தச் சங்கீதங்கள் சொல்லித்தருகின்றன. பழிவாங்கும் வேலையைத் தேவன் கையில் போட்டுவிட்டுத் தன் கையைக் கீழே இறக்குகிறான் சங்கீதக்காரன். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு, நிலத்தைப் பிடுங்கக்கொடுத்தவனுக்கு அது தேவைப்படும். ஆனால் துதி நேரத்தில் மைக்கில் வைத்துப் பாடுவதற்கு அவை இல்லை, விளக்கம் இல்லாமல் வாசிப்பதற்கும் இல்லை. சபைத் தேர்தல் முடிந்த மறு ஞாயிறு, சத்துருக்களைப் பற்றிய சங்கீதமாகப் பார்த்து எடுத்து, வாசிக்கும்போது ஒரு பெஞ்சையே பார்த்து வாசிக்கிற ஆட்கள் நம் பக்கத்தில் உண்டு. அப்படிச் செய்வதற்குச் சங்கீதத்தைத் தொடாமலே இருக்கலாம்.

கை தட்டலாமா, கூடாதா என்ற சண்டையில் சங்கீதம் இரண்டு பக்கமும் நிற்கும். 47 கைகொட்டச் சொல்கிறது, 134 கைகளை எடுக்கச் சொல்கிறது, 95 முழங்காலில் போகச் சொல்கிறது, 46 அமர்ந்திருக்கச் சொல்கிறது. வாத்தியத்துக்கு 150இல் எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், தீங்குழல், இரண்டு வகைக் கைத்தாளம் எல்லாம் உண்டு. அந்தச் சங்கீதத்தையும் வாத்தியமே இல்லாமல் பாடும் சபைகள் உலகத்தில் இன்றும் இருக்கின்றன. அமர்ந்திருப்பதைத்தான் நாம் சுத்தமாக மறந்துவிட்டோம். இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு நிமிடம் கீபோர்டை நிறுத்திப் பாருங்கள், முதல் வாரம் எல்லாரும் திரும்பி கீபோர்டுக்காரரைப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

கிறிஸ்தவர்களுக்கு இந்தப் புத்தகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், முதலில் இயேசு இதை வைத்து ஜெபித்தார். கடைசி இராப்போஜனத்துக்குப் பிறகு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு சொல்கிறார். பஸ்காவில் 113 முதல் 118 வரை பாடுவது யூத வழக்கம், ஆகவே அந்தப் பாட்டு அதன் கடைசிப் பகுதியாக இருந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். சிலுவையில் கடைசியாகச் சொன்னதாக லூக்கா எழுதுவதும் 31ஆம் சங்கீதத்து வரி. இதற்காக ஒவ்வொரு வசனத்தையும் தீர்க்கதரிசனமாக்கி இழுக்கவேண்டியதில்லை. அவர் வாயில் வைத்த ஜெபம் என்று நினைத்து வாசித்தால் போதும், 88கூட அப்போது வேறு மாதிரி கேட்கும்.

ஆராதனை நடத்துகிறவருக்குத் தனி வாசிப்பு ஒன்று வேண்டும். பெனடிக்ட் துறவிகள் 150ஐயும் ஒரே வாரத்தில் முடித்தார்கள், இங்கிலாந்து சபை ஜெபப்புத்தகம் காலை மாலையாக 30 நாளுக்குப் பிரித்தது. உங்களுக்குக் காலையில் ஒன்று போதும், சத்தமாக, எண் வரிசையில், எதையும் தாண்டாமல். மனதுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்தால் 23, 91, 121க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். பிறர் எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்க்க ஆசை இருந்தால், ஒரு நாள் சாயங்காலம் பக்கத்தில் இருக்கும், சுரியானி மரபில் வந்த மலங்கரை சபைக்குப் போய் உட்காருங்கள். "என் கையெடுப்பு அந்திப்பலியாகவும் இருக்கக்கடவது" என்கிற 141 அவர்களுடைய மாலை ஜெபத்தில் வழிவழியாக இருக்கிறது.

கடைசியாக, இரண்டு மொழி. 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டுப் பக்கத்து விளவங்கோடும் கேரளப் பக்கத்து நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலம். நம் சபைகளின் தென்திருவிதாங்கூர் திருமண்டலம் 1959இல்தான் கன்னியாகுமரி என்றும் தென்கேரளம் என்றும் பிரிந்தது. ஒரே பெஞ்சில் இரண்டு வேதபுத்தகம் இருப்பது நமக்குப் புதிது இல்லை. 136ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். 26 வசனம், ஒவ்வொன்றுக்கும் அதே மறுமொழி. ஒவ்வொரு வசனத்தின் முதல் பாதியையும் ஒருவர் தமிழில் வாசிக்கட்டும், மலையாளக்காரர்கள் "அவன்றெ தய என்னேக்குமுள்ளது" என்று சொல்லட்டும். பத்தாம் வசனத்திலிருந்து திருப்பிப் போடுங்கள், மலையாளத்தில் வாசிப்பு, "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று தமிழில் மறுமொழி. யாருக்கும் மொழிபெயர்ப்புச் சொல்லவேண்டியிருக்காது. சீகோன், ஓக் என்ற ராஜாக்களின் பெயர் வரும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதற்காக அந்த வசனங்களை வெட்டாதீர்கள். கடற்கரையிலிருந்து வரும் கத்தோலிக்க நண்பர்கள் கையில் பழைய ஜெபப்புத்தகம் இருந்தால் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும், 136 அவர்களுக்கு 135. எண்ணோடு முதல் வரியையும் சேர்த்து அறிவியுங்கள். வாசிப்பவரிடம் மட்டும் மைக் இருக்கட்டும், மறுமொழிக்கு மைக்கும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம்.